முதியோர் இல்லத்தில் ஒருவர் தளரத் தொடங்கினால்: மறுமதிப்பீடு செய்யும் முறை

மறுமதிப்பீடு என்று ஒன்று நடக்க வேண்டுமானால், முதலில் மதிப்பீடு என்று ஒன்று நடந்திருக்க வேண்டும். பல இல்லங்களில் அது சேர்க்கை நாளில் நிரப்பிய படிவத்தோடு நின்றுவிடுகிறது. "வயது 82, சுகர், பிரஷர் உண்டு, நடப்பார்" என்று எழுதி, ஆதார் நகலோடு சேர்த்துப் பின் அடித்திருப்பார்கள். எட்டு மாதம் கழித்து அதே பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இது போன வாரம் வந்ததா, வந்த நாளிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடைசியில் "வயசாச்சு" என்று முடித்துவிடுவார்கள். வயது ஒரு வாரத்தில் யாரையும் கட்டிலில் தள்ளாது. தள்ளியது வேறொன்று. அதில் பாதி, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியதாக இருக்கும்.

இந்தக் குறிப்பு சேலம் நகரத்திலும் ஏற்காடு மலையிலும் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்கள், பெற்றோரை அங்கே விட்டிருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கானது. மருத்துவர் செய்ய வேண்டியதை இது மாற்றாது. அவரிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதற்குத்தான் இது.

நல்ல நாளில் எழுதி வைக்க வேண்டியது

ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கத்தில் ஒரு அடிப்படைத் தாள் வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில், புது இடத்தின் மிரட்சி கொஞ்சம் அடங்கிய பிறகு எழுதுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

அதில் வர வேண்டியவை: எடை, கைச் சுற்றளவு, நாடித்துடிப்பு, ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை, உடல் வெப்பம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் எடுத்த பிரஷர். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் ஒவ்வொரு அளவு. நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், "எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது" என்று அவர் சொல்வதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கும் ஆக்சிஜன் அளவு சேலத்தில் காட்டுவதைவிட ஓரிரு புள்ளி குறைவாக இருக்கலாம். பனிக்காலக் காலையில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி இன்னும் குறைத்துக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் விட்டு எண்ணை எடுங்கள். நல்ல நாளில் அவருக்கு எவ்வளவு இருந்தது என்பது தாளில் இருந்தால்தான் பிறகு 92 என்ற எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம்.

அடுத்தது அன்றாட வேலைகள். கேட்ஸ் அளவுகோலில் ஆறு இருக்கின்றன: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் "தானே செய்கிறார்" என்றால் 1, "ஆள் வேண்டும்" என்றால் 0. ஆனால் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. "ஒருவர் முழங்கையைப் பிடித்தால் எழுவார், பிறகு வாக்கரில் கழிப்பறை வரை போவார்" என்று எழுதினால்தான் அடுத்த முறை வித்தியாசம் தெரியும். அவரால் என்ன முடியும் என்பதை எழுதாதீர்கள். தினமும் உண்மையில் என்ன செய்கிறாரோ அதை எழுதுங்கள்.

காலையில் எத்தனை இட்லி, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, இரவில் எத்தனை தடவை எழுகிறார், பல்செட், கண்ணாடி, காது மெஷின் உண்டா, வீட்டில் பேசிய மொழி எது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி சேலத்தில் முக்கியம். தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டு மொழியாக இருப்பவர்கள் இங்கே நிறைய. மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும். தமிழில் கேட்டதற்குப் பதில் சொல்லாத பாட்டி, பேரன் சௌராஷ்டிரத்தில் கேட்டதும் கடகடவென்று சொல்வார். அந்தத் தகவல் தாளில் இல்லையென்றால் "புத்தி பேதலிச்சுடுச்சு" என்று தவறாக எழுதிவிடுவோம்.

முதலில் தெரிவது ஆயாவுக்குத்தான்

குளிப்பாட்டுகிறவர், தட்டு எடுக்கிறவர், படுக்கை விரிக்கிறவர் ஆகியோருக்கு மாற்றம் ஓரிரு நாள் முன்பே தெரிந்துவிடும். அமெரிக்க நர்சிங் ஹோம்களில் இதற்காகவே 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' என்ற பன்னிரண்டு அம்சச் சீட்டு உண்டு. அதன் சாரத்தை நம் பேச்சில் சுவரில் எழுதி ஒட்டலாம்: ஆள் என்னவோ மாதிரி இருக்கிறார், பேச்சு குறைந்திருக்கிறது, வழக்கத்தைவிட அதிகம் பிடிக்க வேண்டியிருக்கிறது, வலி என்கிறார், சாப்பாடு மிச்சம், தண்ணீர் குடிக்கவில்லை, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை அல்லது பேதி, எடை மாற்றம், எரிச்சல், அசதி, தோல் நிறத்தில் மாற்றம், நடக்கக் கூடுதல் துணை.

இதில் ஒன்று தென்பட்டாலும் ஆயா அந்த ஷிஃப்டுக்குள் நர்ஸிடம் சொல்ல வேண்டும். நர்ஸ் அதை நேரம் போட்டு எழுத வேண்டும். "சிஸ்டர், ஆத்தா இன்னிக்கு ஒரு மாதிரி இருக்காங்க" என்பதை ஒரு முழுமையான தகவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு மாதிரின்னா என்ன மாதிரி?" என்று அதட்டினால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். "நேத்து இருந்ததுக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். தன்னிச்சையாகவே பதில் வரும்.

டூட்டி மாறும்போது வாய்மொழியாக "எல்லாம் நார்மல்" என்று சொல்லிப் போவதுதான் இந்தச் சங்கிலி அறுபடும் இடம். இரவு டூட்டியில் இருப்பவர் இரண்டு நாள் லீவு எடுத்தால் தகவலும் லீவில் போய்விடுகிறது.

முதல் ஒரு மணி நேரம்

மாற்றம் சொல்லப்பட்டதும் முதல் கேள்வி: இது இன்றே ஆஸ்பத்திரி போக வேண்டியதா? சுகர் உள்ளவர் என்றால் வேறெதற்கும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழிப்போடு விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

பிறகு மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, வெப்பம், விழிப்புநிலை ஆகியவற்றை எடுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரும்பாலான ஏடுகளில் எல்லோருக்கும் "18" என்று இருக்கும், யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். நிமோனியா முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்ணில்தான். பிரிட்டனில் பயன்படும் நியூஸ்-2 மதிப்பெண் முறையில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல், ஆக்சிஜன் 91 அல்லது கீழே, மேல் பிரஷர் 90 அல்லது கீழே, நாடி 131 அல்லது மேலே, அல்லது 40க்கு மேற்படாமல் இருப்பது, புதிதாக வந்த குழப்பம் என்று இவற்றில் ஒன்று இருந்தாலே அந்த அம்சத்துக்கு உச்சமான 3 மதிப்பெண். அப்படி ஒன்று வந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எல்லா அம்சங்களின் மதிப்பெண்ணும் சேர்ந்து 7ஐத் தொட்டால் ஆம்புலன்ஸ்.

முதியவருக்குக் காய்ச்சல் 102 வரை ஏறும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் வைத்து 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, அவரது வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலோ அது காய்ச்சல்தான். அதற்காகத்தான் அடிப்படைத் தாளில் வெப்பம். ஏற்காட்டுக் குளிரில் மறுபக்கமும் உண்டு. 95 டிகிரிக்குக் கீழே போவதும் அவசரம்தான். இரவில் போர்வை நழுவி, பேச்சு குழறி, வயிறு தொட்டாலே சில்லென்று இருந்தால் வெப்பத்தைப் பாருங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணல், கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்று கருதி, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் எல்லை, அது அந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. "காலையில் எழுப்பும்போது இப்படி இருந்தார்" என்றால், முந்தைய இரவு அவரைப் பேசி நடந்து பார்த்தவர் யார், எப்போது என்று விசாரியுங்கள். விழுந்தவருக்கு ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கும். உட்கார வைத்துப் பார்க்காதீர்கள்.

ஏற்காட்டில் இந்த முடிவை எடுக்கக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் மூடுபனி. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. சந்தேகமான நிலையில் இருப்பவரை "காலையில் பார்த்துக்கலாம்" என்பதைவிட மாலை நான்கு மணிக்கே இறக்கிவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் இன்னும் முன்கூட்டியே.

குழப்பம் திடீரென்று வந்தால்

இரண்டு நாளில் வந்த குழப்பம் மறதி நோய் ஆகாது. அது பித்தமயக்கம் மாதிரியான கடுங்குழப்பம், டெலிரியம் என்பார்கள். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் தூங்கி வழிகிறவரை "பாவம், தொந்தரவே இல்லை" என்று விட்டுவிடுவார்கள். அவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

4ஏடி என்ற சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். விழிப்புநிலை தெளிவாக மாறுபட்டிருந்தால் 4. வயது, பிறந்த தேதி, இடம், வருடம் ஆகிய நான்கு கேள்வியில் ஒரு தவறுக்கு 1, இரண்டோ மேலோ என்றால் 2. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லும்போது ஏழு மாதம் சொன்னால் 0, தொடங்கி நின்றால் 1, சோதிக்கவே முடியாவிட்டால் 2. திடீர் மாற்றமோ, ஏறி இறங்கும் போக்கோ இருந்தால் 4. கூட்டல் 4ஐத் தொட்டால் டெலிரியம் இருக்கலாம்.

நம் ஊரில் இதைச் சற்று யோசித்துச் செய்ய வேண்டும். பிறந்த தேதி பல பெரியவர்களுக்கு எப்போதுமே தெரியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், அது அவர்கள் சொன்னதல்ல. டிசம்பர், நவம்பர் பழகாதவரிடம் பங்குனி, மாசி, தை என்று கேளுங்கள். நல்ல நாளில் இதே கேள்விகளுக்கு அவர் என்ன சொன்னார் என்று தாளில் இருந்தால் ஒப்பிட முடியும். கேட்பதற்கு முன் கண்ணாடி மாட்டி, காது மெஷினில் பேட்டரி பார்த்து, காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காரணம் தேடும்போது எளிதானதிலிருந்து தொடங்குங்கள். மலம் இறுகியிருக்கிறதா? இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதைப் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை முற்றிவிடும். அடிவயிறு உப்பி, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போனால் சிறுநீர்ப்பை நிறைந்து அடைத்திருக்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் என்ன புது மாத்திரை? சளிக்கு வாங்கிக் கொடுத்த குளோர்பெனிரமின், அரிப்புக்கான ஏவில், தூக்கத்துக்கான அல்பிரசோலம், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் எல்லாமே முதியவர் மூளையைக் கலக்கக்கூடியவை. பிரஷருக்காகக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு வகை சாப்பிடுகிறவருக்குச் சோடியம் இறங்கியிருக்கலாம். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவருக்கு உடலில் நீர் வற்றியிருக்கலாம். சில வாரம் முன் விழுந்து, "ஒண்ணும் ஆகலை" என்று எழுதப்பட்டவர் ஆஸ்பிரினோ ரத்தம் நீர்க்கும் மாத்திரையோ சாப்பிட்டால் தலைக்குள் மெல்லக் கசிந்த ரத்தமும் காரணமாகலாம். ஸ்கேன்தான் சொல்லும்.

சிறுநீர் நாற்றமடிக்கிறது என்பதற்காக ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவர்கள் பலரின் சிறுநீரிலும் கிருமி இருக்கும். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி எதுவும் இல்லாமல் சோதனைச் சீட்டை மட்டும் வைத்து "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று முடித்தால், உண்மையான காரணம் தேடப்படாமலே போகும்.

மெல்ல இறங்குகிறவர்

அவசரம் எதுவும் இல்லை, ஆனால் ஆள் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்றால்தான் முழு மறுமதிப்பீடு. எப்போது? அமெரிக்காவின் நர்சிங் ஹோம் விதி இதற்கு ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறது. தானாகச் சரியாகாத இறக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் தெரிந்தால், அதை 'குறிப்பிடத்தக்க மாற்றம்' என்று முடிவுசெய்த 14 நாளுக்குள் முழு மதிப்பீடு முடிய வேண்டும், பிறகு 7 நாளுக்குள் பராமரிப்புத் திட்டம் மாற வேண்டும். அது நம்மைக் கட்டுப்படுத்தும் விதி இல்லை. ஆனாலும் கடன் வாங்கத் தகுந்த கோடு.

சளி பிடித்து நாலு நாள் படுத்தவருக்கு இது வேண்டாம். ஒரு வாரம், அதிகபட்சம் இரண்டு வாரம் பாருங்கள். குளிக்க ஆள் கேட்கத் தொடங்கியதோடு சாப்பாடும் குறைந்து, இரண்டும் இரண்டு வாரத்தில் மீளவில்லை என்றால் தொடங்கிவிடுங்கள். புதிதாகத் தோல் உரிந்த படுக்கைப்புண், புதிதாக வந்த சிறுநீர்க் கசிவு, முன்பு அவரே எடுத்த முடிவுகளைப் பிறர் எடுக்க வேண்டிய நிலை ஆகியவற்றையும் ஒவ்வொரு துறையாக எண்ணுங்கள்.

மதிப்பிடுகிறவர் அறைக்குள் போய்ப் படிவத்தை நிரப்பினால் ஆகாது. ஒரு காலைப்பொழுது முழுக்க உடனிருங்கள்: எழுவது, பல் துலக்குவது, காபி, குளியல், டிபன். மூன்று ஷிஃப்டிலும் கேளுங்கள், ஏனென்றால் காலையில் தானே நடப்பவர் மாலையில் இரண்டு ஆள் பிடித்தும் நிற்கமாட்டார். பழைய படிவத்தை அருகில் வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். கை தானாகவே பழைய எண்ணைக் காப்பியடிக்கும். புதியதை முடித்த பிறகு பழையதைத் திறந்து ஒப்பிடுங்கள்.

எடையும் தட்டும்

எடைதான் பொய் சொல்லாத சாட்சி, சரியாக எடுத்தால். மாதம் ஒருமுறை, அதே மெஷினில், காலையில் சிறுநீர் கழித்த பின், டிபனுக்கு முன், ஏறத்தாழ அதே உடையில். சக்கர நாற்காலியோடு நிறுத்தால் நாற்காலியின் எடையைக் கழியுங்கள். கழித்தோமா இல்லையா என்ற குழப்பத்தில்தான் ஏடுகளில் பத்து கிலோ ஏறி இறங்குகிறது.

30 நாளில் 5 சதவீதம், 180 நாளில் 10 சதவீதம் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இழப்பு. 48 கிலோ இருந்த பாட்டி அடுத்த மாதம் 45.4 என்றால் குறைந்தது 2.6 கிலோ. 2.6ஐ 48ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 5.4 சதவீதம். "ரெண்டரை கிலோதானே" என்று தோன்றும், கோட்டைத் தாண்டிவிட்டது. இதய பலவீனம் உள்ளவருக்குக் காலில் நீர் கோத்தால் எடை ஏறியே காட்டும், உள்ளே சதை கரைந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்தில் 2 கிலோ ஏறினால் அது தண்ணீர், மருத்துவரிடம் சொல்லுங்கள். நிற்க முடியாதவருக்குத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப்பால் அளக்கலாம். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் உடல் மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து மூன்று நாள் தட்டைப் பாருங்கள். "சாப்பிட்டாரா?" என்று கேட்டால் "ம், சாப்பிட்டாரு" என்றுதான் பதில் வரும். தட்டில் முழுதும், முக்கால், அரை, கால், இல்லை என்று ஐந்து நிலையில் குறியுங்கள். ஏன் மிச்சம் என்பதை அருகிலேயே உட்கார்ந்து பாருங்கள். பல்செட் தளர்ந்து ஈறில் புண், கரண்டி பிடிக்க வலி, பார்வை மங்கி வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாமை, எட்டு நிமிடத்தில் தட்டை எடுத்துப்போகும் அவசரம், ஊட்டுகிறவர் நின்றுகொண்டே ஊட்டுவது என எதுவும் இருக்கலாம். சேலத்தில் மாம்பழ சீசனில் பிள்ளைகள் கொண்டுவரும் மல்கோவாவைத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்குவதும் உண்டு. அதைத் தடை செய்யாதீர்கள், சுகர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது இருமல், விழுங்கிய பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்தில் சோறு தேங்குவது ஆகியவை தெரிந்தால் விழுங்குவதில் கோளாறு. மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ பார்க்கும்வரை நேராக உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியில் கெட்டியான கூழ் பதத்தில் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

அளவைக் கூட்ட முடியாதபோது சத்தைக் கூட்டலாம். ஒரு டீஸ்பூன் நெய் சுமார் 45 கலோரி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். முதியவருக்குக் கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் வேண்டும், 46 கிலோ உள்ளவருக்குத் தினம் 46 கிராம். ரசம் சோறும் ஊறுகாயும் அதைத் தராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தோல், வலி, மாத்திரை

நடமாட்டம் குறைந்த அன்றே தோலைப் பார்க்கத் தொடங்குங்கள். பிட்டத்தின் மேல் எலும்பு, இடுப்பின் இருபக்கம், குதிகால், கணுக்கால், காது மடல். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, இறுகியோ, கருத்தோ, தொட்டால் வலித்தோ இருப்பதுதான் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். படுக்கைப்புண் வரும் வாய்ப்பை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் 18 அல்லது கீழே வந்தால் ஆபத்து இருக்கிறது என்று பொருள். படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை திருப்புங்கள், நாற்காலியில் மணிக்கொரு முறை இடம் மாற்றுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் இருக்கச் செய்யுங்கள். கையுறையில் தண்ணீர் ஊற்றி அடியில் வைப்பது, கருத்த இடத்தில் ஸ்பிரிட்டோ பவுடரோ போட்டு அழுத்தித் தேய்ப்பது, நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். உள்ளே நைந்த தசையை அவை இன்னும் கெடுக்கும்.

வலியைச் சொல்லத் தெரியாதவரிடம் பெயினாட் அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். ஓய்வில் பார்க்காதீர்கள். திருப்பிப் போடும்போதும் எழுப்பும்போதும் பாருங்கள். குளிப்பாட்ட வந்தால் அடிக்கிறார் என்ற புகாரில் பல முறை தோள்மூட்டு வலிதான் இருக்கும்.

மாத்திரைப் பையை மேசையில் கொட்டி, சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது மறுமதிப்பீட்டின் மிகப் பயனுள்ள அரை மணி நேரம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்திருக்கும். எடை 60 கிலோ இருந்தபோது எழுதிய சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் 46 கிலோவுக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பாதி இட்லி சாப்பிடுகிறவருக்கு முழு டோஸ் சுகர் மாத்திரை என்பது ஆபத்தை நாமே கொடுப்பது. கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், தைராய்டு, நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்கு பி12 ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் "எதைக் குறைக்கலாம்?" என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மனச்சோர்வைக் கடைசியில் வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் இறந்து, ஒரு மாதமாகப் பிள்ளையிடமிருந்து போன் வராமல், சாப்பாட்டை ஒதுக்குகிறவருக்கு ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. "ரெண்டு வாரமா மனசு பாரமா இருக்கா? முன்ன பிடிச்சது எதுவும் இப்ப பிடிக்கலையா?" என்று உட்கார்ந்து கேளுங்கள்.

குடும்பத்தாரிடம்

மதிப்பீடு முடிந்ததும் பிள்ளைகளை வரவழையுங்கள், முடியாதவரை வீடியோ அழைப்பில் சேருங்கள். முதியவர் பேசும் நிலையில் இருந்தால் அவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். "அம்மா ரொம்ப வீக்கா இருக்காங்க" என்று தொடங்கினால் பயம்தான் வரும். இரண்டு தாளையும் அருகருகே வைத்து, "மார்ச்சில் தானே குளித்தார், இப்போது ஒரு ஆள் வேண்டும். எடை 48லிருந்து 45.4. இதை இதைப் பார்த்தோம், இதைச் சரிசெய்யலாம், இது மீளாது என்று டாக்டர் சொல்கிறார்" என்று பேசுங்கள். கூடுதல் ஆள் தேவைப்பட்டுக் கட்டணம் ஏறுமானால் அதையும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. மாதக் கடைசி பில்லில் தெரிந்தால் உங்கள் மதிப்பீட்டின் மேலேயே சந்தேகம் வரும்.

மீளாத இறக்கம் என்றால், வென்டிலேட்டர், மூக்குக்குழாய் போன்றவற்றில் அவர் விருப்பம் என்ன என்று அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இருக்கின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கவனிப்பார் இல்லாத முதியவர் விஷயத்தில் வழிகாட்ட 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு.

மதிப்பீட்டில் கண்டது ஆயாவின் கைக்குப் போகாவிட்டால் எல்லாம் வீண். கட்டில் தலைமாட்டில் ஐந்து வரிக்கு மேற்படாமல் ஒட்டுங்கள்: "எழுப்ப இரண்டு பேர். இடது தோளைப் பிடித்து இழுக்காதே. கூழ் பதம் மட்டும். 2 மணிக்கொரு முறை திருப்பு. வியாழன் எடை." இல்லவாசியின் கூச்சத்துக்குரியவற்றை, டயபர் போன்றதை, எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதாமல் ஏட்டில் வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரைப் புதிதாகச் சேர்ந்தவராகவே நடத்துங்கள். வந்த அன்றே தலை முதல் குதிகால் வரை தோலைப் பாருங்கள், புண் எங்கே வந்தது என்ற வழக்கு பின்னால் எழாது. 24 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய சீட்டையும் ஒப்பிடுங்கள். நிறுத்தச் சொன்ன மாத்திரை பழைய டப்பாவிலிருந்து மறுபடி தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். பத்து நாள் படுக்கையில் கிடந்தவரின் கால் வலு குறைந்திருக்கும், அதை நிரந்தரம் என்று உடனே எழுதாதீர்கள். முதல் வாரத்தில் தினமும், பிறகு வாரம் ஒருமுறை அந்த ஆறு வேலைகளையும் பாருங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் எழவில்லையென்றால் புதிய அடிப்படைத் தாள் எழுதுங்கள்.

மேலேறி வந்தாலும் தாள் மாற வேண்டும். தானே சாப்பிடத் தொடங்கியவருக்கு இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் அந்தக் கை உண்மையிலேயே பழக்கம் விட்டுப்போகும். சிறுநீர்க் குழாயோடு வந்தவர் என்றால் அது எதற்காகப் போடப்பட்டது, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றே போன் செய்து கேட்டு, தேதியை ஏட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.